அடிப்படை ஆண்டு

காஹாங்,
5 மே 2024

அன்புத் தம்பி குணாளனுக்கு,

அக்கா சந்திரமதி எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். எனக்குச் சர்க்கரை ஏழில் நிற்கிறது. மாமாவுக்கு வலது முட்டி மழை நாட்களில் மட்டும் சண்டித்தனம் செய்கிறது. உன் வயிற்றுப்புண் எப்படி? உன் வீட்டுக்காரி ஷர்மினிக்கு முதுகுவலி விட்டதா?

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் இரண்டாவது வாக்கியத்திலேயே மீட்டிங் என்கிறாய். உங்கள் கம்பெனியின் சுற்றுச்சூழல் நிலைத்தன்மை அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், பொதுமக்கள் எழுதி அனுப்பும் ஒவ்வொரு கருத்தும் பதிவேட்டில் ஏறும், இருபத்தொரு நாளில் பதில் வரும் என்று போட்டிருக்கிறது. அதற்குக் கீழே பிரிவு மேலாளர் என்று உன் பெயர். கூடப்பிறந்தவளுக்குப் பதில் கிடைக்க இதுதான் வழி என்றால் இதிலேயே வருகிறேன்.

முப்பத்தொரு வருடம் அந்தச் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில், லோரி எடை எழுதும் கிராணியாக உட்கார்ந்திருந்தவள் என்பதால் எனக்கும் ஒரு பிரதி கொடுத்தார்கள். வழவழப்பான தாள். பன்னிரண்டாம் பக்கத்தில் நான் இருக்கிறேன், பார்த்தாயா? அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்து நிற்கிறேன். கீழே 'மகிழ்ச்சியில் திளைக்கும் உள்ளூர்ப் பெண்மணி' என்று எழுதியிருக்கிறார்கள். அரிசியில் வண்டு இருக்கிறதே என்று அதைக் கொடுத்த உங்கள் கம்பெனிப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தபோது எடுத்த படம் அது.

பத்தொன்பதாம் பக்கத்தில், ஆலைக்குப் பின்னால் ஓடும் நம் ஓடையின் கரையில் 1,200 மரக்கன்றுகள் நட்டதாக இருக்கிறது. நானும் மாமாவும் இரண்டு காலை நடந்து எண்ணினோம். உயிரோடு இருப்பவை 43. மற்ற இடங்களில் பெயர்ப்பலகை மாட்டிய குச்சிகள் நிற்கின்றன. ஒரு குச்சியில் உங்கள் டைரக்டரின் பெயர். அதன்மேல் யாரோ கைலி காயப்போட்டிருந்தார்கள்.

இருபத்திரண்டாம் பக்கத்தில் அந்த ஓடையின் மதிப்பு வருடத்துக்கு 18,400 ரிங்கிட் என்று போட்டிருக்கிறாய். தண்ணீர் கோப்பி நிறத்தில் போகிறது, ஆலை ஓடும் நாட்களில் நாற்றம் அடுப்படி வரை வருகிறது. அதற்கு விலை போட உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? டைரக்டரின் காருக்கு நான்கு டயர் மாற்ற இந்தப் பணம் போதுமா?

பதிலை எதிர்பார்க்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா
சந்திரமதி

*

ஜொகூர் பாரு,
24 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் பதிவு எண் 7 ஆக ஏறியிருக்கிறது. இங்கே எல்லோரும் சுகம். என் வயிறு வெளிச்சாப்பாட்டை விடும்வரை ஆறாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஷர்மினி முதுகுக்குப் பட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறாள். மாமாவைக் குளுவாங்கில் முட்டி டாக்டரிடம் காட்டுங்கள், தைலம் தேய்த்தே காலத்தை ஓட்டவேண்டாம்.

படத்துக்குக் கீழே எழுதியது என்னிடம் வேலை செய்யும் சாந்தினி. சின்னப் பெண், சொல்லிவைக்கிறேன்.

மரக் கணக்கில் முதல் வருடம் நட்டதைத்தான் எழுதுவோம். பிழைத்ததை எண்ணுவது மூன்றாம் வருடம். அதுதான் முறை. எடைமேடையில் பழ லோரி வந்ததும் எடையை எழுதினீர்களா, அல்லது அது எண்ணெயாகிக் கப்பல் ஏறும்வரை பேனாவைத் திறக்காமல் இருந்தீர்களா?

18,400 உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. அந்த ஓடையை நம்பியிருக்கும் வீடுகளுக்கு வேறு தண்ணீர் கொண்டுவர என்ன செலவாகும், அதில் கிடைக்கும் மீனுக்குச் சந்தையில் என்ன விலை என்று சாந்தினி வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த தொகை அது. அக்கா, நாற்றத்தை எந்த டைரக்டரும் மேசைக்கு எடுத்துக்கொள்ளமாட்டார். எண்ணை எடுத்துக்கொள்வார். போன வருடம் இந்தத் தொகையைத் திரையில் போட்டபோதுதான், இந்த ஓடை எங்கே இருக்கிறது என்று ஒருவர் முதன்முதலாகக் கேட்டார். அந்தக் கேள்வி வர நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. 2014ஐ அடிப்படை ஆண்டாக வைத்து, ஓடையில் கலக்கும் கழிவை அதிலிருந்து முப்பது விழுக்காடு குறைப்போம் என்று கடன் கொடுத்த வங்கிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இதெல்லாம் குச்சியில் கைலி காய்வதைப் பார்த்துச் சிரிப்பதைவிடக் கொஞ்சம் கடினமான வேலை.

நீங்கள் முப்பத்தொரு வருடம் அந்தக் கேட்டில் இருந்தீர்கள். தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டு ஒரு துண்டுக் காகிதம் எழுதியதுண்டா?

இனிமேல் செனாய் வீட்டு முகவரிக்கு எழுதுங்கள். அலுவலகத்துக்கு வந்தால் ஒவ்வொன்றும் ஒரு புகாராகக் கணக்காகிறது.

மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

தம்பி
குணாளன்

*

காஹாங்,
9 ஜூன் 2024

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். மாமா முட்டி டாக்டரைப் பார்த்தார், தைலம் தேய்க்கச் சொல்லி அனுப்பினார்கள். உன் வயிற்றுக்கு மோர் குடி.

இதையும் அலுவலகத்துக்கே அனுப்புகிறேன். புகார் கணக்காவதில் உனக்கு இவ்வளவு கஷ்டம் என்றால், எண்ணுக்கு மதிப்பு உண்டு என்று நீ சொன்னது உண்மைதான் போலிருக்கிறது.

போன வியாழன் இங்கே 'ஓடையைத் தத்தெடுக்கும் விழா' நடந்தது. ஜொகூர் பாருவிலிருந்து இரண்டு பஸ் நிறைய ஆட்கள் ஒரே நிறச் சட்டையில் வந்தார்கள். எல்லோர் கையிலும் புதுக் கையுறை. கரையில் கிடந்த குப்பையைப் பொறுக்கினார்கள். போதுமான குப்பை இல்லை. ஒருவர் பஸ்ஸிலிருந்து காலிப் போத்தல்களைக் கொண்டுவந்து போட்டதை நான் பார்த்தேன். மேலே ஆலைக் குழாயிலிருந்து பழுப்பாக வந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் யாரும் முகத்தைத் திருப்பவில்லை. மூக்கை மட்டும் மூடிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு ஒரு பை கொடுத்தார்கள். பிஸ்கட், சமையல் எண்ணெய், ஒரு சட்டை. பையை வாங்கினால் கையெழுத்துப் போடவேண்டும். எதற்கு என்று கேட்டேன். உங்கள் ஆள் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "சும்மா ஒரு சைன்தான் ஆன்ட்டி. வந்தாங்க, வாங்கிட்டாங்கன்னு காட்டணும் லா." நான் போடவில்லை. எண்ணெய்ப் போத்தலைப் பார்த்தேன், நம் ஆலையில் எடுத்த எண்ணெய்தான். அழுக்கை ஓடைக்குக் கொடுத்துவிட்டு எண்ணெயை எங்களுக்குக் கொடுக்கிறீர்கள்.

நீ கேட்ட துண்டுக் காகிதத்துக்கு வருகிறேன். எழுதவில்லை. கேட்டில் உட்கார்ந்திருப்பவள் கேட்கும் கேள்வி அல்ல அது.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள ஆசை. அடிப்படை ஆண்டு என்கிறாயே, பத்து வருடத்துக்கு முன்னால் ஓடையில் எவ்வளவு கலந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? அப்போது நீ அந்தக் கம்பெனியிலேயே இல்லை.

ஷர்மினியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
சந்திரமதி

*

ஜொகூர் பாரு,
28 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

பதிவு எண் 9. இங்கு நலம். மோர் குடிக்கிறேன். உங்கள் சர்க்கரை ஏழுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விழாவைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதி சரி. அந்தப் பை, சட்டை எல்லாம் விளம்பரப் பிரிவின் வேலை, எனக்கும் அவர்களைப் பிடிக்காது. ஆனால் நீங்கள் இரண்டையும் ஒரே சாக்கில் கட்டுகிறீர்கள். பை கொடுப்பது தர்மம். நான் செய்வது கணக்கு.

அடிப்படை ஆண்டைப் பற்றிக் கேட்டீர்கள். சந்தோஷமாகச் சொல்கிறேன். ஆலையில் அரைத்த பழத்தின் எடையை வைத்து எவ்வளவு கழிவுச்சேறு உண்டாகும் என்று கணக்கிடலாம். அதில் எவ்வளவு டேங்கரில் ஏற்றித் தோட்டத்துக்கு உரமாகப் போனது என்பது எடைமேடைப் புத்தகத்தில் இருக்கிறது. மீதிதான் ஓடைக்குப் போனது. 2014இல் அது 400 டன். இப்போது 390. முப்பது விழுக்காட்டுக்கு இன்னும் வெகுதூரம்.

அந்த எடைமேடைப் புத்தகம் யாருடையது என்று சொல்லவேண்டுமா? எங்கள் பதினொரு ஆலைகளில் அடித்தல் திருத்தல் இல்லாத புத்தகம் அது ஒன்றுதான். வெளித் தணிக்கையாளர் பார்த்துவிட்டு, இந்தக் கிராணி யார் என்று கேட்டார். என் அக்கா என்று சொன்னேன். அந்தப் பாராட்டு உங்களை வந்து சேரட்டும் என்று எழுதுகிறேன், மரக் குச்சிகளைத் தவிர வேறு எதுவும் உங்கள் கண்ணில் படாததால்.

இன்னொன்று. மீன் கணக்கு ஏன் இவ்வளவு குறைவு என்று சாந்தினியைக் கேட்டேன். மாமாவே சொன்னாராம், அந்த ஓடையில் மீன் பிடிப்பதில்லை என்று. பிடிக்காத மீனுக்கு நான் விலை போட முடியாது.

தம்பி
குணாளன்

*

செனாய்,
30 ஆகஸ்டு 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு மாதமாகப் பதில் இல்லை. போன் செய்தேன், மாமா எடுத்து "நல்லாருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டார். உடம்புக்கு ஏதாவதா? எனக்கு வயிறு கொஞ்சம் தேவலை. ஷர்மினி உங்களுக்கு ஒரு சேலை எடுத்துவைத்திருக்கிறாள்.

வீட்டிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் வங்கியின் சரிபார்ப்பு வருகிறது. பதிவேட்டில் உங்கள் இரண்டு கடிதங்கள் 'தீர்க்கப்படாதவை' என்று நிற்கின்றன. பதில் கிடைத்தது, திருப்தி என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தால் போதும். அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன், நீங்கள் கையெழுத்து மட்டும் போட்டால் சரி.

நீங்கள் கோபமாக இருப்பதற்கு நான் எழுதியது காரணம் என்றால் விடுங்கள். சின்ன வயதிலிருந்து நம் இருவருக்கும் வாய் நீளம்.

தம்பி
குணாளன்

*

காஹாங்,
18 செப்டம்பர் 2024
பதிவுத் தபால்

அன்புத் தம்பி குணாளனுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். மாமாவும் இருக்கிறார். உன் வயிறு தேவலை என்றது நிம்மதி.

நீ அச்சடித்து அனுப்பிய தாளை வைத்திருக்கிறேன். அதில் கையெழுத்துப் போடவில்லை. இந்தக் கடிதத்தில் போடுகிறேன்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று மாமாவிடம் கேட்டேன். சனிக்கிழமைதோறும் தூண்டிலோடு போகிறீர்களே, ஓடையில் மீன் பிடிப்பதில்லை என்று அந்தப் பெண்ணிடம் ஏன் சொன்னீர்கள் என்று. எட்டு கிலோமீட்டர் தள்ளி, பாலத்துக்கு அந்தப் பக்கம் போகிறாராம். இத்தனை வருடமும். எனக்குத் தெரியாது. ஏன் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நான் கொட்டுனத நானே எப்படிம்மா திங்கிறது?"

அதற்குப் பிறகு இரண்டு மாதம் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். உனக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது எழுதுகிறேன். மாமா அந்த ஆலையில் கழிவு டேங்கர் ஓட்டினார், உனக்குத் தெரியும். கழிவுக் குளத்துச் சேற்றை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய் உரமாகத் தெளித்துவிட்டு வரவேண்டும். போய் வர ஒன்றரை மணி நேரம். 2011இல் ரூபேந்திரன் மேனேஜராக வந்தார். டீசல் செலவு அதிகம் என்றார். அந்த வருடத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் டேங்கர் தோட்டத்துக்குப் போகவில்லை. கேட்டைத் தாண்டி அறுநூறு அடியில் ஓடைக்கரையில் நின்று திறந்துவிட்டது. நல்ல வெயிலில், எல்லோரும் பார்க்க. பதினைந்து நிமிடத்தில் திரும்பி வந்த வண்டிக்கு ஒன்றரை மணி நேரம் என்று நான் எழுதினேன். போன இடம்: தோட்டம். சரக்கு: உரம். அடித்தல் திருத்தல் இல்லாமல்.

ஒருமுறை மாட்டேன் என்றேன். ரூபேந்திரன் சத்தம் போடவில்லை. "அப்ப வெளி ஆளுக்கு டேங்கர கொடுத்துடலாம்மா. உங்க வீட்டுக்காரருக்கும் ரெஸ்ட்" என்றார். அடுத்த ஞாயிறு எழுதினேன். ஞாயிறு வேலைக்கு இரட்டைச் சம்பளம். பின்பக்கச் சமையலறையை அதில்தான் கட்டினோம். தீபாவளிக்குத் தீபாவளி நீ உட்கார்ந்து சாப்பிடும் இடம்.

உன்னால் சரிபார்க்க முடியும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் ஆள் கிடையாது. ஜொகூர் அரசாங்கம் வார விடுமுறையை வெள்ளிக்கு மாற்றியபோதும் எஸ்டேட்டுக்கு ஞாயிறுதான். புத்தகத்தில் ஞாயிறு போன டேங்கர் ஒவ்வொன்றும் பொய்.

உன் எண்களைப் பார்த்துச் சிரித்தேன். அவற்றின் அடியில் இருப்பது நான்தான் என்று தெரியாமல் சிரித்தேன்.

இதைப் பதிவேட்டில் ஏற்று.

சந்திரமதி த/பெ மாரிமுத்து
முன்னாள் எடைமேடைக் கிராணி

*

செனாய்,
4 நவம்பர் 2024

அக்கா,

தீபாவளிக்கு வர மனமில்லை. அதனால் வரவில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் கடிதத்தை நான் வெளியூரில் இருந்தபோது சாந்தினி பிரித்து, எண் கொடுத்து, மேலே அனுப்பிவிட்டாள். நான் பார்ப்பதற்குள் டைரக்டர் மேசையில் இருந்தது. 2014 புத்தகத்தை எடுத்து ஞாயிறுகளை எண்ணினேன். 93 நடை. நடைக்குப் பத்து டன். 930.

ஆறு வருடம் இந்தப் பிரிவை ஒற்றை ஆளாகக் கட்டினேன். கூட்டங்களில் என்னை 'மரம் நடும் அங்கிள்' என்று கூப்பிட்டவர்கள் நடுவில் உட்கார்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் காட்டினேன். அந்த ஆதாரத்தில் பாதி என் அக்கா பொய் சொல்லி எழுதியது. கேட்டைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தவர் எனக்கு மரக்கன்று எண்ணிக் காட்டினீர்கள். அரிசியில் வண்டு இருந்ததையும் காட்டினீர்கள். உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

பதிமூன்று வருடம் வாயைத் திறக்காதவர், இந்த டிசம்பரில் எனக்குச் சரிபார்ப்பு வரும் நேரம் பார்த்துத் திறக்கிறீர்கள். மாமாவின் பெயர் இதில் வரும் என்று யோசித்தீர்களா? ஸ்டீரிங்கில் இருந்தவரைத்தான் முதலில் பிடிப்பார்கள். ரூபேந்திரன் இரண்டு வருடத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார், அவரை யாரும் கேட்க முடியாது.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. வயதாகிவிட்டது, சர்க்கரை நோய், ஞாபகம் தடுமாறுகிறது, முந்தைய கடிதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதுங்கள். டாக்டர் சீட்டு ஒன்று வைத்தால் போதும்.

குணாளன்

*

ஜொகூர் பாரு,
2 மே 2025

அன்புக்குரிய அக்காவுக்கு,

நீங்களும் மாமாவும் ஆரோக்கியமாக இருக்க வேண்டுகிறேன். என் வயிற்றுப்புண் முழுதாக ஆறிவிட்டது. ஷர்மினியும் நானும் போன மாதம் கேமரன்மலை போய்வந்தோம். அவள் முதுகுவலி அங்கேயே இறங்கிவிட்டது போலச் சொல்கிறாள்.

நவம்பரில் கோபத்தில் எழுதியதை மறந்துவிடுங்கள். நீங்கள் பதில் எழுதாததே நல்லதாகப் போயிற்று. புதிய அறிக்கை வெளிவந்துவிட்டது, ஒரு பிரதி அனுப்புகிறேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து வந்த ஆலோசகர் உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, இதில் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார். 'புதிய தகவலின் அடிப்படையில்' 2014இன் அளவைத் திருத்தச் சொன்னார். 400உடன் உங்கள் 930. மொத்தம் 1,330 டன். இப்போது 390. முப்பது விழுக்காடு குறைப்போம் என்று சொன்னவர்கள் எழுபத்தொரு விழுக்காடு குறைத்துவிட்டோம். வங்கி வட்டியைக் குறைத்துவிட்டது. எல்லாம் முறைப்படிதான். பழைய தவறு தெரிந்தால் திருத்தி வெளியிடவேண்டும் என்பதுதான் விதி. ஓடைக்கு ஒரு சொட்டும் கூடுதலாகப் போகவில்லை, நடந்தது நடந்ததுதான், எண் மட்டும் சரியானது.

ஜூலையிலிருந்து நான் குழுமம் முழுவதுக்குமான நிலைத்தன்மைப் பிரிவின் தலைவர் பொறுப்புக்குப் போகிறேன். டைரக்டர் எல்லோர் முன்னாலும் தோளில் தட்டினார்.

மே 24, சனிக்கிழமை, ஜொகூர் பாருவில் அறிக்கையை ஒட்டிய பாராட்டு விழா. 'சமூகப் பங்காளி' என்று உங்களுக்கும் மாமாவுக்கும் பொன்னாடை போர்த்த ஏற்பாடு. ஒன்றும் பேசவேண்டாம், மேடையில் நின்றால் போதும். கார் அனுப்புகிறேன்.

உங்கள் பாசமுள்ள தம்பி
குணாளன்

*

காஹாங்,
25 மே 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சௌக்கியம். உன் வயிறு ஆறியது கேட்டுச் சந்தோஷம். எது ஆற்றியது என்றும் தெரிந்துகொண்டேன்.

நீ அனுப்பிய கார் நேற்று வாசலில் வந்து நின்றது. டிரைவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். எங்களுக்கு ஜொகூர் பாருவில் இருந்த வேலை வியாழக்கிழமையே முடிந்துவிட்டது.

உன் நவம்பர் கடிதத்துக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று உனக்குத் தெரியவேண்டும். கூச்சமாக இல்லையா என்று கேட்டிருந்தாய். இருந்தது. அதனால்தான் எழுதவில்லை. உனக்கு என்மேல் வந்த அருவருப்பு நியாயம் என்று நினைத்தேன். இவனாவது கணக்கைக் கணக்காகப் பார்க்கிறான், நான் கெடுத்தேன் என்று ஆறு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்ததும் அந்தக் கூச்சம் போய்விட்டது. நான் 930 டன்னை மறைத்தேன். நீ அதை எடுத்து நெற்றியில் பொட்டாக வைத்துக்கொண்டாய். என் பொய்யிலாவது ஒரு பயம் இருந்தது.

பக்கத்தை மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படிக்கச் சொன்னார். "அப்ப நான் நெறைய கொட்டுனதாலதான் இப்ப இவனுங்க நல்லவனுங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். சிரிப்பார் என்று நினைத்தேன். எழுந்து போய் அலமாரியிலிருந்து வெள்ளைச் சட்டையை எடுத்துத் தேய்க்கச் சொன்னார்.

குளுவாங் போய் அங்கிருந்து பஸ் பிடித்தோம். சுற்றுச்சூழல் இலாகா ஆபீஸ் ஐந்தாவது மாடியில். இளம் வயது மலாய்ப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். ஆரம்பத்தில், பத்து வருடத்துக்கு முந்தைய கதைக்கு ஆதாரம் இல்லாமல் எதுவும் செய்வது கஷ்டம், மாக் சிக் என்று அத்தை முறை வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். புத்தகம் கம்பெனியிடம் இருக்கிறது, மேனேஜர் இறந்துவிட்டார், நாங்கள் இரண்டு கிழங்கள் சொல்வதை வைத்து என்ன செய்ய முடியும். அவள் சொன்னதும் சரிதான்.

அப்போது உன் அறிக்கையைப் பையிலிருந்து எடுத்து நாற்பத்தொன்றாம் பக்கத்தைத் திறந்துவைத்தேன். அவள் வாசித்தாள். கணினியில் ஏதோ தேடினாள். பிறகு உள்ளே போய் ஒரு பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தாள். அந்த ஆலை 2014இல் ஓடைக்கு விடலாம் என்று அனுமதி வாங்கியிருந்தது 450 டன். 1,330 போனது என்று கம்பெனியே அச்சடித்து, அட்டை போட்டு, தணிக்கையாளர் கையெழுத்தோடு வெளியிட்டிருக்கிறது. அந்த அதிகாரி, இதை இவர்கள் ஏன் எழுதினார்கள் என்று என்னிடமே கேட்டார். பெருமையாக இருந்திருக்கும் என்று சொன்னேன்.

இரண்டு மணி நேரம் வாக்குமூலம் எழுதினார்கள். டேங்கர் ஓட்டியவர் மீதும் வழக்கு வரலாம் என்று அந்தப் பெண் இரண்டு தடவை எச்சரித்தாள். மாமாவுக்குப் புரியவில்லையோ என்று நான் தமிழில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "எனக்குப் புரிஞ்சிருச்சு. என் பேர மொதல்ல எழுதச் சொல்லு. ஸ்டீரிங் புடிச்சது நான்தானே." முதலில் உன் மாமா திருச்செல்வம், பிறகு நான் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பும்போது படிகளில் முட்டி பிடித்துக்கொண்டது. பஸ் நிலையம் வரை என் தோளைப் பிடித்தபடியே நடந்தார்.

அடுத்த வாரம் ஆலைக்கு வந்து தண்ணீர் எடுப்பார்களாம். புத்தகங்களையும் கேட்பார்கள். கொடுத்துவிடு.

ஷர்மினிக்கு என் அன்பு. அவள்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை.

அக்கா
சந்திரமதி

*

செனாய்,
3 ஜூன் 2025

அக்கா,

நேற்று ஆலைக்கு ஆறு பேர் வந்தார்கள். இன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்கள். டைரக்டர் என் அறைக்கு வரவில்லை, ஆள் அனுப்பி லாப்டாப்பை எடுத்துக்கொண்டார். ஆலோசகர் போனை எடுக்கவில்லை. நான் வீட்டில் இருக்கிறேன்.

ஒன்று மட்டும் சொல்லுங்கள். என் பெயரைச் சொன்னீர்களா?

குணாளன்

*

காஹாங்,
8 ஜூன் 2025

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிடுகிறாயா?

கேட்டார்கள், சொன்னேன். செப்டம்பரிலிருந்து உனக்குத் தெரியும் என்று சொன்னேன். அதற்கு முன்னால் தெரியாது என்பதையும் சொன்னேன். இரண்டாவதை எழுதிக்கொள்ளாமல் அந்தப் பெண் அடுத்த கேள்விக்குப் போனாள். அதையும் எழுதினால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

எழுதினார்கள்.

அக்கா